மாமா சாப்பிடாமல் வந்த இரவுச் சாப்பாடு

நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்தினாலும் மகேந்திரராஜா மாமா உணவகத்துக்குள் போகமாட்டார். நீல மூடி போட்ட பெட்டியைக் காரின் முன்பக்கப் பொனற்றின்மேல் வைத்து, நின்றபடியே சாப்பிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான். டோர்ட்மண்டிலிருந்து பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போனாலும், பெர்லினுக்குச் செத்தவீட்டுக்குப் போனாலும், பெட்டிக்குள் புட்டோ இடியப்பமோ இருக்கும். மழை பெய்தால் திறந்த பின்கதவுதான் கூரை.

"உள்ளை போய் ஒரு கோப்பி குடிச்சால் என்ன?" என்று சுந்தரேஸ்வரி மாமி கேட்பார்.

"ஏன் ஒருத்தனுக்குக் கடமைப்படவேணும்?"

"காசு குடுத்துக் குடிக்கிறதிலை என்ன கடமை, இஞ்சேருங்கோ?"

மாமா காரைச் சுற்றி இரண்டு தரம் நடப்பார். கலியாண மண்டபத்திலும் அப்படித்தான். தாலி கட்டும்போது உள்ளே வருவார். மற்ற நேரமெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருப்பார்.

அவர் என் அம்மாவின் அண்ணன். 1986இல், இருபது வயதில், கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அகதி விடுதியில் இருந்த மூன்று வருசமும் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. ஒவ்வொரு நாளும் எல்லைப் பலகை வரை நடந்து, அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவாராம். சாப்பாடு பொதியாக வரும்; கையெழுத்து வைத்து வாங்கவேண்டும். பெட்டிப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். சமூகவியல் படித்ததால் எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்கம் தேடுகிறேனோ என்றும் நினைக்கிறேன்.

பிறகு முப்பது வருசத்துக்கு மேல் கண்ணாடி துடைக்கிற வேலை. அவர் துடைத்த ஒரு பயண முகவர் கடையின் யன்னலில் இமயமலைப் படம் தொங்கியது. "அந்த மலையை ஒன்பது வருசம் வெளியிலை நிண்டு துடைச்சனான். ஒருக்கா உள்ளை போய்ப் பாக்கவேணும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், சுரங்கக் கழிவைக் குவித்து எங்கள் ரூர் பகுதியில் எழுப்பிய செயற்கைக் குன்றொன்றில், பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினார்.

கோவிலடியில் மாமாவின் கூட்டாளி ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை பகிடி பண்ணாமல் விடவில்லை. "என்ன மகேந்திரன், கைலாசத்துக்கோ? திரும்பி வருவியோ?"

"வராட்டி உன்ரை வீட்டு யன்னலை நீயே துடை."

நான் அப்போதுதான் லைப்சிக்கில் படிப்பை முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். நாற்பது விண்ணப்பம் போட்டும் ஒரு வேலை இல்லை. "சும்மாதானே இருக்கிறாய், கவிசா. இங்கிலீசு கதைக்க வா" என்று மாமா கூப்பிட்டார். எட்டு வயதிலிருந்தே வீட்டுப் பெரியவர்களுக்காக அலுவலகங்களில் மொழிபெயர்த்த பிள்ளை நான். யார் மனமும் நோகாமல் வார்த்தையை மாற்றிச் சொல்வதும் அந்த வயதிலேயே பழகிவிட்டது.

இரண்டு வருசத்துக்கு முன், ஐப்பசியில், நேபாளத்தில் லாங்டாங் பள்ளத்தாக்கில் நடக்கத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணித்தியாலம் நடை. பொழுதுபடும் முன் ஏதாவது ஊரில் ஒரு விடுதி. முதல் இரவு தங்கிய வீட்டை தோல்மா என்ற பெண் நடத்தினார். ஐம்பது வயதிருக்கும். ஆறு அறை, நாங்கள் மட்டும்தான் விருந்தினர். சுவரில் ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தல்: அறை இருநூறு ரூபாய், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் இங்கேயே எடுக்கவேண்டும்.

நான் அதை எனக்குள் வாசித்தேன்.

என்ன சமைக்க என்று தோல்மா கேட்டார். மாமா பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே மாமி கட்டிக்கொடுத்த வறுத்த மா, பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை. "எங்களிட்டை எல்லாம் இருக்கு. சுடுதண்ணி மட்டும் போதுமெண்டு சொல்லு, பிள்ளை."

"மாமாவுக்கு வயிறு சரியில்லை" என்று நான் தோல்மாவிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. எங்களுக்காக அடுப்பை மூட்டினார். கொஞ்ச நேரத்தில், கேட்காமலே, ஒரு கிண்ணத்தில் வெள்ளுள்ளிச் சூப் கொண்டுவந்து மாமாவின் முன் வைத்தார்.

"நல்ல மனிசி. எவ்வளவெண்டு கேள்."

தோல்மா கையை அசைத்து மறுத்துவிட்டார். மாமா நின்றபடியே அதைக் குடித்து முடித்தார்.

அடுத்த நாள் வழியில் ஒரு ஜெர்மன் சோடியோடு இளைப்பாறினோம். மாமா பெருமையாக ஜெர்மனில் சொன்னார்: அறைக்கு ஒன்றரை யூரோகூட இல்லை, சாப்பாடு சொந்தம். அந்த மனிதர் சிரிக்கவில்லை. அறை வாடகையில் விடுதிக்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது, சாப்பாட்டில்தான் பிழைக்கிறார்கள், அதுதான் இந்தப் பாதையின் வழக்கம் என்றார்.

மாமா கையிலிருந்த வடையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அப்ப எங்களுக்காகத்தான் அந்த மனிசி அடுப்பு மூட்டினது?" பிறகு என்னைப் பார்த்தார். "அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை, மாமா. அவ சொல்லேல்லை."

பொய் இல்லை. சொன்னது சுவர்.

"திரும்பி வரேக்கை இருந்து சாப்பிடுவம். ரெண்டு நேரமும்."

அதற்குப்பின் ஒவ்வொரு விடுதியிலும் மேசையில் உட்கார்ந்து சோறும் பருப்பும் கேட்டுச் சாப்பிட்டார். ஆனால் மனம் ஆறவில்லை. ஏறும்போதே இறங்குவதைப் பற்றித்தான் பேச்சு. ஒன்பது வருசம் துடைத்த மலை கண்முன் நின்றபோதும், "நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடலாம்?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தோம். தோல்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. மகளுக்குப் பிரசவமாம், கீழே போயிருக்கிறாராம், வர இரண்டு நாள் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மாமா பையை இறக்கி வைத்துவிட்டு அந்த வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் ஓரிடத்தில் அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு நாள்தானே. நிப்பம்."

எனக்கு வியாழக்கிழமை லைப்சிக்கில் வேலைக்கான நேர்முகம். நாற்பதில் வந்த ஒரே அழைப்பு.

"மாமா, என்ரை டெர்மின்…" என்று நேர்முகத்துக்குக் குறித்த நேரத்தை நினைவூட்டினேன்.

ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். நான்தான் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு எழும்பினார். "சரி. உனக்கு டெர்மின்." என்னைத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறென்று இறங்கினார்.

அந்த வேலை கிடைக்கவில்லை.

போன வருசம் மாமாவுக்கு இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை. "ஏறலாமாம். இறங்கத்தான் ஏலாதாம்" என்று டொக்டர் சொன்னதைச் சொன்னார்.

"அப்ப ஏறிப்போய் அங்கையே இருங்கோ" என்றார் மாமி.

விடுதிக்குக் காசு அனுப்பலாமே என்று நான் கேட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காசை எறிஞ்சுபோட்டுக் கையைக் கழுவுறதோ? அவ சமைக்கவேணும். நான் இருந்து சாப்பிடவேணும்."

போன மாதம் பெர்லினுக்குப் போகும் வழியில் நிறுத்தினோம். மாமி பெட்டியைப் பொனற்றில் வைத்தார். மாமா அதைப் பார்க்காமல் உணவகத்துக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு பருப்புச் சூப் வாங்கி, யன்னலோரம் உட்கார்ந்து, கடைசிக் கரண்டி வரை குடித்தார். கண்ணாடிக்கு வெளியே மாமி பெட்டியும் கையுமாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோல்மாவிட்டை எனக்கு ரெண்டு நேரச் சாப்பாடு இன்னும் நிக்குது, பிள்ளை. அவவின்ரை பருப்பு எப்பிடி இருக்குமெண்டும் எனக்குத் தெரியாது."

"மாமா, அந்தச் சுவரிலை…" என்று நான் தொடங்கினேன்.

அவர் அதற்குள் எழும்பி, முழங்காலைப் பிடித்தபடி, காரைச் சுற்றி நடக்கப் போய்விட்டார்.