கட்டில் மறைத்த கதவு

விசிலக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தனியார் பேருந்தில் நடத்துநர். ஓடும் வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பியில் முதுகைச் சாய்த்து, பயணிகளைப் பார்த்தபடி நிற்பார். ஓட்டுநர் அவருடைய கணவர். ஒருவர் முன்னால் பார்க்க, ஒருவர் பின்னால் பார்க்க, முதுகுக்கு முதுகு கொடுத்தே காலம் ஓடியது.

"மூஞ்சியப் பாத்தாத்தானே சண்டை வரும்? எங்களுக்கு அதுக்கு நேரமே இல்ல" என்பார் அக்கா.

ஓய்வு பெற்றதும் இருவரும் ஒரு பழைய பேருந்தை வாங்கினார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு அதையே வீடாக்கிக்கொள்வது, ஊர் ஊராக மற்றவர்களை இறக்கிவிட்ட இடங்களில் தாங்களும் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது என்று திட்டம். அடுப்பு எங்கே, கை கழுவும் தொட்டி எங்கே என்பதையெல்லாம் கணவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்ட அக்கா, பின்பக்கப் படுக்கையறையை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தப் பேருந்தின் பின்பகுதியில், ஓட்டுநர் பக்கச் சுவரில், ஆபத்து நேரத்தில் வெளியேறும் கதவு இருக்கிறது. அக்கா வேலை பார்த்த வண்டியிலும் அப்படி ஒன்று இருந்தது. முதலாளி அதை மறைத்துக் கூடுதலாக ஓர் இருக்கை போட்டார். அக்கா எதிர்த்துக் கேட்டதற்கு, "உன் வேலை சீட்டுக் கிழிக்கிறது" என்று பதில் வந்தது. ஒரு மழை நாளில் வண்டி இடப்பக்கமாகச் சரிந்து பள்ளத்தில் படுத்தது. ஏறி இறங்கும் வாசல் மண்ணுக்குள் போனது. பின்கதவைத் திறக்க முடியவில்லை. கண்ணாடியை உடைத்து எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்படி வந்ததில் கல்லூரிப் பெண் ஒருத்தியின் கை போயிற்று. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் அவளிடம் விதி என்றார்கள். அந்த இருக்கையைத் திருகாணி வைத்து இறுக்கியது விதியா? விதிக்கு ஏது ஸ்பானர்? அக்கா இதைத்தான் விசாரணையில் கேட்டார். அதற்குப் பிறகு அவரை அந்த நிறுவனம் நல்ல வழித்தடம் எதிலும் போடவில்லை. அவரும் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

படுக்கையறை வேலை தொடங்கும் நேரத்தில் மகளுக்குப் பிரசவம். அக்கா அங்கே போக வேண்டியதாயிற்று. பட்டறை மேஸ்திரிக்குப் போனில் சொன்னார்: "கட்டில வலது சுவரோட ஒட்டிப் போட்டுருப்பா. இடது பக்கம் பூரா நடக்க வழி விட்டுரு."

பேத்தியைக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வந்தவர் வண்டிக்குள் ஏறியதும் அப்படியே நின்றார். கட்டில் அழகாக இருந்தது. தேக்குப் பலகை, அடியில் தண்ணீர்த் தொட்டி, கால்மாட்டை அடைத்துக்கொண்டு அலமாரி. பின்கதவை மட்டும் காணோம். அதன் மேல் பலகை அடித்து, அதை ஒட்டியே கட்டிலைப் போட்டிருந்தார்கள்.

"எவன் சொன்னான் இப்படிப் போடச் சொல்லி?"

"நீங்கதாங்க்கா. வலது சுவருன்னு சொன்னீங்களே" என்றார் மேஸ்திரி.

அக்கா தன்னையறியாமல் முன்பக்கக் கம்பியில் முதுகைச் சாய்த்துப் பின்னோக்கி நின்றார். வலது கையைத் தூக்கினார். அந்தக் கை வாசல் பக்கத்தைக் காட்டியது. பட்டறைக்காரர்களும் ஓட்டுநர்களும் முன்னால் பார்த்து வலது இடது சொல்கிறவர்கள். வாழ்க்கை முழுக்கப் பயணிகளைப் பார்த்து நின்ற அக்காவுக்கு எல்லாமே தலைகீழ்.

கணவர் பக்கம் திரும்பினார். "கதவ மூடுறாங்களே, நீங்க ஒரு வார்த்தை கேக்கலையா?"

"நீ விசில் அடிச்சா நிறுத்துவேன், ரெண்டு அடிச்சா எடுப்பேன். ஏன்னு என்னிக்காவது கேட்டிருக்கேனா, கண்டக்டரம்மா?"

மேஸ்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா அடக்கவில்லை, சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், "கழட்டுங்க" என்றார்.

"அக்கா, தொட்டி, குழாய், அலமாரி எல்லாத்தையும் மாத்தணும். வண்டியில இருக்கப்போறது ரெண்டே பேரு. நேரம் நல்லா இருந்தா ஒண்ணும் ஆகாது."

"நேரம் நல்லா இருந்தா பிரேக்கையும் கழட்டிரலாமாப்பா?"

"தப்பு உன்னோடதுதானே, விடேன்" என்றார் கணவர். "கட்டில் நல்லாத்தான இருக்கு. தூசியும் உள்ள வராது."

"தப்பு என்னோடதுதான். அத ஒத்துக்கிட்டாச்சு. அதுக்காகக் கதவ மூடியே வைக்கணுமா? அன்னிக்கு முதலாளி செஞ்சத இன்னிக்கு நான் செஞ்சா, அந்தப் பொண்ணு கைக்காக நான் கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம்?"

அக்கா கணவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். படுக்கையறைத் திரையை இழுத்து மூடினார். "வண்டி வாசப்பக்கம் சாஞ்சிருச்சு. அந்த வழி இல்ல. வெளிய வாங்க." ஓங்கி ஒரு விசில்.

ஓட்டுநர் பலகையைக் கையால் குத்தினார். முழங்கால் அலமாரியில் இடித்தது. புரண்டு திரும்பியதில் வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டது. "அட, என்னடி இது!" என்ற குரல் முதலில் சிரிப்பாக வந்தது. இரண்டாவது முறை அதில் சிரிப்பு இல்லை. திரையை விலக்கி வெளியே வந்தவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. மேஸ்திரியின் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, முதல் திருகாணியை அவரே கழற்றினார்.

கட்டில் வாசல் பக்கச் சுவருக்குப் போனது. கதவுப் பக்கம் தடையில்லாத நடைபாதை வந்தது. சுவரை ஒட்டி உட்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டிக் குதிக்காமல் இருக்க, கால்மாட்டிலிருந்த அலமாரியை முன்னால் நகர்த்தி இறங்குவதற்கு இடம் விட்டார்கள். உட்பக்கம் யார் என்ற பேச்சு வந்தபோது அக்கா யோசிக்கவே இல்லை. "இத்தனை வருசம் ஜன்னல் சீட் உங்களுக்குத்தானே? இனிமேலும் அப்படியே."

முதல் பயணத்துக்குக் கிளம்பும் முன் திரையை மூடி மறுபடியும் விசில் அடித்தார். கணவர் கால்மாட்டு வழியாகச் சறுக்கி இறங்கி, நடைபாதையில் வந்து, கைப்பிடியைத் திருப்பி, திறந்த கதவில் வெயிலைப் பார்த்தபடி நின்றார்.

"போதுமா? வண்டிய எடுக்கலாமா?"

"இன்னொரு தடவ."

"இன்னும் எத்தனை தடவடி?"

"கண்ண மூடிக்கிட்டுக் கைப்பிடியத் தொடுற வரைக்கும். அதுக்கப்புறம்தான் ரெண்டு விசில்."

ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார்.