அழித்த பின்னும் நின்ற பெயர்

எண்பதுகளின் கடைசியில், திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அக்கா டைப்ரைட்டிங் கடை வைத்திருந்தார். அவர் வாங்கிய கம்ப்யூட்டருக்குக் கடிதம் அடிக்கிற எடிட்டரை எழுதிக் கொடுத்தவன் நான். கொடுத்த நாளிலிருந்து திட்டுதான். “ஒவ்வொரு வாட்டியும் ஃபைல் பேர நானே ஞாபகம் வெச்சிக்கினு அடிக்கணும்னா, இந்தப் பொட்டி என்னாத்துக்கு தம்பி?”

சரி என்று, கடைசியாகத் திறந்த இருபது ஃபைல்களின் பெயர்களை அதுவே நினைவில் வைத்துத் திரையில் காட்டும்படி செய்தேன். அந்த ஃபைல் இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வைத்திருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன ஃப்ளாப்பி ஒவ்வொரு பெயருக்கும் கர்ரென்று சுற்றும். அக்கா என் மண்டையை உடைத்திருப்பார். பெயர் மட்டும் போதுமென்று விட்டேன்.

பேர் போடாத மொட்டை மனு அடித்தால், வந்தவர் கண்ணெதிரே கார்பன் தாளைக் கிழித்துப் போடுவது அந்தக் கடையின் வழக்கம். ஒருநாள் நான் கடையிலிருந்தபோது, கே.ஜி.கண்டிகையிலிருந்து விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஷிப்ட் முடியும்வரை முதலாளி ஷெட்டை வெளியே பூட்டிவிடுகிறார், தீப்பிடித்தால் உள்ளேயே சாக வேண்டியதுதான் என்று அதிகாரிக்கு மனு. அடித்துக் கொடுத்ததும், கார்பனைக் கிழிக்கிற மாதிரியே, அவர் பார்க்க ஃபைலை அழித்தார் அக்கா. ஃபைலுக்கு வைத்திருந்தது அந்தத் தறிக்காரர் பெயரைத்தான். எல்லோருக்கும் அப்படித்தான் வைப்பார். திருத்தணி தபால் முத்திரை விழக்கூடாதென்று, தறிக்காரர் மனுவை மணவூரிலிருந்த தன் பாவாவிடம், அதாவது கூடப்பிறந்த அக்காவின் புருஷனிடம், கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார்.

சில நாள் கழித்து அந்த முதலாளியே கடைக்கு வந்தார், நூல் ஆர்டர் அடிக்க. நானும் இருந்தேன். எவனோ மொட்டை மனு போட்டிருக்கிறான், ஆபீசர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார் என்று பொருமிக்கொண்டிருந்தவர், திரையைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இது நம்ப ஆளு பேராச்சே. தொறம்மா, பாக்கலாம்.”

“அது... பழசுங்க,” என்றார் அக்கா.

அவரே விரலை நீட்டி, அந்தப் பெயருக்கு நேரே இருந்த எண்ணைக் கீபோர்டில் அழுத்தினார். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வந்தது.

“ஒண்ணுமில்லாத விசயத்த யாரும் அழிக்க மாட்டாங்களே,” என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஆர்டரை நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டே எழுந்து போனார்.

தறிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமென்று கண்டிகைக்குச் சைக்கிளை மிதித்தேன். பைக்கில் போகிறவரை முந்த முடியுமா? பாதி வழியில் தறிக்காரர் எதிரே நடந்து வந்தார்.

“வேலையும் போச்சி, வூட்டையும் காலி பண்ணணுமாம். எல்லாம் எங்க பாவா வேல சார். அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.”

“அய்யோ, அவரு இல்லீங்க! அந்தப் பொட்டிதான். ஃபைலு போனாலும் பேரு அதுல நிக்கும். நான்தான் அப்படி எழுதி வெச்சேன்.”

“அழிச்சத என் கண்ணால பாத்தேன் சார். அவனக் காப்பாத்தப் பாக்காதீங்க.”

பஸ் ஸ்டாண்ட் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கெஞ்சினேன். கடைக்கு வாங்க, திரையிலேயே காட்டுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினார்.

“மணவூர் ஒண்ணு,” என்று கண்டக்டரிடம் அவர் டிக்கெட் கேட்டது வெளியே நின்ற என் காதில் விழுந்தது.