எலிக்குத் தலைவாரிய சீப்பு

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேன் சீப்பு இருக்கும். என் தலையில் பேன் குடியிருக்க இடமில்லை என்பது வேறு விஷயம். இது எலிக்குத் தலைவாரிய சீப்பு. கணியம்பாடிப் பக்கத்து வயல்களில் எலிகளைப் பிடித்து, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிகளை எடுத்து, அந்த உண்ணிக்குள் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் குழுவில் நானும் பாயும் களப்பணியாளர்கள். கருவாட்டுத் துண்டு போட்டுக் கூண்டு வைப்பது என் வேலை. மயக்க மருந்து கொடுத்த எலியை வெள்ளைத் தட்டின் மேல் பிடித்துச் சீவுவது பாயின் வேலை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். "ஆடாத மாப்ளே, நிக்காஹ்வுக்கு டைம் ஆச்சு" என்பார் எலியிடம். தட்டில் மிளகு சிந்தியதுபோல் உண்ணிகள் உதிரும்.

வேலை முடிந்ததும் ஜீப்புக்குப் பின்னால் நின்று ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்வது எங்கள் வழக்கம். காதுமடல், அக்குள், அரைஞாண் கயிற்றின் அடி, தலைமுடி. என் முறை வந்தால் நாடகம்தான். ஒருநாள் தொடையில் கறுப்பாக ஏதோ தெரிய, பேண்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வரப்பில் குதித்தேன். "பாய்! கடிச்சிச்சு பாய்! என் பொண்டாட்டிக்குப் போன் போடுங்க!" களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இன்னாய்யா பேஜார் பண்ற? இது மச்சம். உன் பொண்டாட்டியக் கேளு, அதுக்குத் தெரியும்."

"அப்ப உங்கள யாரு பாக்கறது பாய்?"

"நம்மது ஷாப்புல பதமான தோலு தோஸ்த். கடிச்சா உண்ணிக்குத்தான் பல்லு ஒடியும்."

அது நோன்பு மாதம். பாய் விடிந்ததிலிருந்தே தொப்பியோடு இருப்பார். அவர் அக்குளைப் பார்த்தோம், முதுகைப் பார்த்தோம். தொப்பியைக் கழற்றச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. மரியாதை. தலைவலி, உடம்பு சூடு என்று அவர் சொன்னபோது நோன்பின் அசதி என்றுதான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். "கஞ்சி குடிச்சா சரியாப் பூடும்" என்றார். காய்ச்சல் வந்தால் உடம்பில் உண்ணிக்கடியைத் தேடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர்கள் நாங்கள். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் எங்கள் டாக்டரம்மா அவருடைய முடியை விலக்கினார். உச்சிக்குச் சற்றுப் பின்னால், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. மாத்திரை உள்ள நோய்தான். மாத்திரைக்கு நாள் போதவில்லை. பெருநாளுக்குப் பாய் இல்லை. அடக்கத்திலிருந்து நேராக வந்து கூண்டுகளைக் கழுவினேன். அழுகை வரவில்லை. சோப்பு தீர்ந்துபோயிருந்தது என்பது மட்டும் ஞாபகம்.

இப்போதும் வயலுக்குப் போகிறோம். தொப்பியோ தலைப்பாகையோ மல்லிகைச் சரமோ, எதுவானாலும் கழற்றச் சொல்லி எல்லோர் தலையையும் நானே பார்க்கிறேன். "சார், உங்க தலைல தேடறதுக்கு இன்னா இருக்கு?" என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். பிறகு ஜீப்பின் மறுபக்கம் போய், பையிலிருந்து சீப்பை எடுத்து, தொடையிலிருக்கும் அந்தக் கறுப்பை ஒருமுறை சீவிப் பார்க்கிறேன். விழவில்லை. மச்சம்தான். சொல்லத்தான் ஆளில்லை.