ஓனர் படுத்துக் காட்டிய மெத்தை

புதுவாயலில் விடுதி நடத்தி, கம்பெனித் தொழிலாளர்களுக்குக் கட்டில் வாடகைக்கு விடும் குப்புராஜுக்கு ஒரு பெருமை உண்டு. புது ஆள் வந்தால், மெத்தை சுத்தமானது என்று காட்ட முதலில் தானே அதில் படுத்துப் புரள்வார். "பாத்துக்கப்பா, ஓனரே படுத்துக்கினேன்!"

அங்கே சிரங்கு பரவியபோது, அதை ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டதாக வடக்கத்திப் பையன்களைத் திட்டித் தீர்த்தார். பிறகு அது பொன்னேரியில் அவர் நடத்தும் இன்னொரு விடுதிக்கும் போய்விட்டது.

சுகாதார நர்ஸ் திலகவதி விசாரிக்க வந்தார். "தோலுக்குள்ள பூந்துக்கினு இருக்கிற சின்னப் பூச்சி சார் இது. அங்கயும் இங்கயும் போய்ப் படுக்கிறது யாரு?"

"எவனும் கிடையாதும்மா," என்று இடுப்பைச் சொறிந்தபடியே அடித்துச் சொன்னார் குப்புராஜ். "ரெண்டு எடத்துலயும் மொதல்ல படுத்துக் காட்டுறது ஓனர் நான் மட்டும்தான்."

திலகவதி களிம்பை அவரிடம் நீட்டினார்.

"அப்ப இதையும் ஓனரே மொதல்ல பூசிக் காட்டுங்க."