பதிவேட்டில் ஊர் சுற்றாதவன்

காலை ஆறேகாலுக்குச் செய்தி வந்தது. பொன்னேரியில் பள்ளிக்கூட டீச்சரான கிறிஸ்டினா ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போனில் தம்பியின் கூட்டாளி குணா. "யக்கா, எபி ரோலர்ல மாட்டிக்கினான்." அதற்குமேல் அவனுக்கு அழுகைதான் வந்தது.

எபினேசருக்கு இருபத்தொன்பது வயது. தேர்வாய் கண்டிகையில் ரப்பர் தாள் உருட்டும் கம்பெனியில் பத்து வருடமாக கான்ட்ராக்ட் ஆள். வேளாங்கண்ணிக்கு ஒருமுறை சர்ச் பஸ்ஸில் போனதைத் தவிர, பார்ப்பதற்கென்று அவன் எந்த ஊருக்கும் போனதில்லை. ஹம்பிக்கு பைக்கிலேயே போகவேண்டுமென்பது அவனுக்கு மூன்று வருட ஆசை.

கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவு கிடையாது. கேட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. எபிக்கு எப்போதும் இரவு ஷிப்ட், குணாவுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். எபி ஊருக்குப் போகும் நான்கு நாளும், குணா தன் வேலையை முடித்த கையோடு எபியின் கார்டைத் தேய்த்து ராத்திரியும் நிற்பான். எபி வந்ததும் அதேபோல் நான்கு நாள் குணாவுக்காக நிற்க வேண்டும். கான்ட்ராக்டர் தணிகைவேலுக்கு இது நன்றாகத் தெரியும். தலை எண்ணிக்கை குறையாத வரை யார் தலை என்று அவர் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் எபி தன் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கில் கிளம்பினான். மறுநாள் ஹம்பியில் துங்கபத்ரையைத் தாண்டி ஆனெகுந்திப் பக்கம், பாறைகளுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் நடுவே, கண்ணில் பட்ட சந்திலெல்லாம் வண்டியைத் திருப்பினான். தோளில் மூட்டையோடு வந்த வெள்ளைக்காரர்களும் பெங்களூர்ப் பிள்ளைகளும் பகல் பத்து மணிக்குத் தரையில் மெத்தை போட்டுச் சாய்ந்துகிடப்பதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினான். ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தானாம், கோபமே வரவில்லையாம். அன்று சாயங்காலம் அவன் அனுப்பிய குரல்பதிவை கிறிஸ்டினா இன்னும் அழிக்கவில்லை.

"யக்கா, இங்க ஷிப்ட் சங்கே ஊதல. ஒருத்தனும் எங்கியும் ஓடல. நானும் வண்டிய இருபதுலயே ஓட்டிக்கினுகீறேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவன் விடிய விடிய அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். வெள்ளிக்கிழமை காலை வாளியும் துணியுமாக வாசலில் உட்கார்ந்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தணிகைவேல் போன் செய்தார். அன்றைக்கே இரண்டு மணிக்கு வா, குணா வரமாட்டான். அப்படியே எழுந்து போனான். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் மதியம் இரண்டிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை. கம்பெனி வேனில் வந்து படுப்பான், வேன் ஹாரன் அடித்தால் எழுவான். மூன்றாவது ராத்திரி விடியும் நேரத்தில் ரோலர் அவன் கையைப் பிடித்தது. பிடித்தது விடவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தணிகைவேல் வந்தார். பயணக் களைப்பால் தூங்கியதே காரணம், கம்பெனி பொறுப்பில்லை என்று தட்டச்சு செய்த தாள். தினம் எட்டு மணி நேரம்தான் வேலை பார்த்தான் என்று காட்ட வருகைப் பதிவேட்டின் நகலையும் சேர்த்திருந்தார்.

"பையன் பைக்குல ஊரு சுத்தி வந்த அசதி, டீச்சர். அதுக்கு நாம இன்னா பண்றது? ஒரு கையெழுத்து போடுங்க."

செத்தவன் மேலேயே பழியைப் போட்டு, அவன் ஆசைப்பட்டுப் போன ஒரே ஊரையும் குற்றமாக்கி, அதற்குக் கூடப்பிறந்தவளின் கையெழுத்து. கிறிஸ்டினா பேனாவை வாங்காமல் பதிவேட்டை முழுதாகப் படித்தாள்.

"அவன் ஊருக்குப் போன நாலு நாளும் பிரசென்ட் போட்ருக்குதே சார். வேலைக்கி வந்துக்கினே எந்த ஊர சுத்துனான்?"

தணிகைவேல், அவர்களே ஆள் மாறி நின்றுகொள்வார்கள், தனக்கு எப்படித் தெரியும் என்று இழுத்தார்.

"தெரியாமத்தான் குணா வரமாட்டான், நீ வான்னு போன் பண்ணீங்களா? குணா பேர்ல போட்ட ரெண்டு மணி ஷிப்ட்ட யாரு செஞ்சது? அதயும் எழுதினு வாங்க. அப்பறம் பாக்கலாம்."

தாளை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். அவள் தரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

பதிவேட்டின் நகல் இப்போது அவளுடைய பைபிளுக்குள் இருக்கிறது. வண்டி வாசலில் அப்படியே நிற்கிறது. முன்சக்கரம் மட்டும் கழுவியிருக்கிறது. பின்சக்கரத்தில் ஆனெகுந்தி மண்.