நாலாவது டிரம்

வண்ணார்பேட்டையில் முப்பத்தெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் கொம்பையாவுக்கு, எதிர்ப்பட்டறைச் சுடலைமணியின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். ஓய்வுபெற்ற வாத்தியார் பஞ்சுவின் அம்பாசிடர் பதினோரு வருஷம் நாலு மாதம் கொட்டகையில் நின்றதில், சக்கரங்களின் நான்கு பிரேக் டிரம்களும் துருப்பிடித்து இறுகிவிட்டன. மூன்றைக் கொம்பையா கழற்றிவிட்டார். பின்பக்க இடது டிரம் மட்டும் இரண்டு நாள் அடித்தும் அசையவில்லை. வாத்தியார் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுடலைமணியைக் கூட்டிவந்தார்.

அவன் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தான். "அண்ணாச்சி, ஹேண்ட்பிரேக்கை இறக்கிட்டிய, சரி. இந்தப் பக்கத்துக் கேபிள் துருவேறி, இழுத்த வாக்குலயே நின்னு டிரம்மைப் பிடிச்சிருக்குல்லா, பாக்கலியா?"

"எனக்குத் தெரியாதாலே? அதுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தேன்."

"ரெண்டு நாளாவா வாரிய?"

கேபிளைத் தளர்த்தி, சுத்தியலால் பைய நாலு தட்டுத் தட்டினான். டிரம் கையோடு வந்தது.

"கைன்னா இதுல்லா கை!" என்றார் வாத்தியார்.

மறுநாள் மதியம் வண்டி ஓடியது. வாத்தியார் சுடலைமணியைத்தான் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். தெருவில் நின்ற கொம்பையா, தான் டிரம் கழற்றிய மூன்று சக்கரங்களைப் பார்க்கவே இல்லை. நாலாவது கொஞ்சமாவது சிக்கிக்கொள்ளாதா என்று, வண்டி திருப்பத்தில் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வழுக்கிக்கொண்டு ஓடியது.