நான்காவது வாக்கியம்

டோர்ஹில்டுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. காது மடல் இரண்டும் சிவந்துவிடும். பெர்கன் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷம் உயிர்காப்புப் படகுகளுக்குக் கையேடு எழுதியவள். எழுதினோம், கொடுத்தோம் என்று விடமாட்டாள். கப்பலுக்கே போய், மாலுமி ஒருவன் கையில் தாளைக் கொடுத்து, "இதுல போட்டிருக்கிற மாதிரி படகை இறக்கு பாப்போம்" என்று பக்கத்திலேயே நிற்பாள். அவன் எந்த வரியில் தடுமாறுகிறானோ, அந்த வரியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். படகுக் கம்பெனியை மூடிய பிறகுதான் இந்த மென்பொருள் நிறுவனத்துக்கு வந்தாள்.

இங்கே அவள் எழுதுவதை மனிதர் யாரும் படிப்பதில்லை. நிறுவனம் செய்திருந்தது, ஒருவருடைய காலண்டரைப் பார்த்து அவர் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று சொல்லும் கருவி. அதைப் பயன்படுத்துபவை ஏஐ ஏஜென்ட்கள்; ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஆள் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுத்த வேலையை இப்போது அவைதான் செய்கின்றன. கருவியை எப்படிக் கேட்பது, வருகிற பதிலுக்கு என்ன அர்த்தம் என்று டோர்ஹில்ட் மூன்று நான்கு வரியில் ஒரு குறிப்பு எழுதுவாள். ஏஜென்ட் அதைப் படித்து அதன்படி நடக்கும்.

பழைய வழக்கத்தை அவள் விடவில்லை. தன் காலண்டரை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டு, குறிப்பை ஓர் ஏஜென்டிடம் கொடுத்துப் பார்த்தாள். படிக்க முடியாத காலண்டருக்குக் கருவி, வேலை எதுவும் இல்லாதது போலக் காலிப் பட்டியலைத் திருப்பியது. ஏஜென்ட் கொஞ்சமும் தயங்காமல், "டோர்ஹில்ட் செவ்வாய் முழுவதும் ஓய்வாக இருக்கிறார்" என்று சொல்லி அன்றைக்கு ஆறு கூட்டங்களைத் திணித்தது. அன்று அவளுக்கு முட்டி ஸ்கேன் இருந்தது.

உடனே குறிப்பில் நான்காவதாக ஒரு வாக்கியம் சேர்த்தாள்: "பட்டியல் வெறுமையாக வந்தால் அவர் ஓய்வாக இருக்கிறார் என்று முடிவு கட்டாதே, காலண்டரைப் படிக்க முடியாமல் போயிருக்கலாம், ஒரு மனிதரிடம் கேட்டுவிட்டு நேரம் குறி."

மேலாளர் ஹால்வர் முப்பத்திரண்டு வயதுக்காரன். அதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன டோர்ஹில்ட், ஏஜென்டுக்குப் புத்திமதியா? மனுஷங்கிட்ட கேக்கணும்னா நம்ம கருவி எதுக்கு? குறிப்பு நீளமானா அதுங்க மெதுவாயிடும். எடுத்துடுங்க."

"எடுத்தா தப்பா நேரம் குறிக்கும். நான் செஞ்சே பாத்துட்டேன்."

"ஒரு தடவை பாத்தீங்க."

"படகு ஒரு தடவை கவுந்தா போதாதா?"

அவள் எடுக்கவில்லை. மறுநாள் அவனே எடுத்துவிட்டான்.

அக்டோபரில் அது நடந்தது. கண் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை மருத்துவர் விடுப்பில் போயிருந்தார். அவர் காலண்டரைப் பார்க்கக் கருவிக்குக் கொடுத்திருந்த அனுமதி காலாவதியாகி இருந்தது. காலிப் பட்டியல் வந்தது. ஏஜென்ட் இரண்டு நாளில் பதினான்கு பேருக்குக் கண்புரை ஆபரேஷன் குறித்து வைத்தது.

புகார்க் கடிதங்களில் ஒன்று மட்டும் கையால் எழுதியது. எழுத்துகள் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் ஓடின. தீவில் தனியாக இருக்கும் ஓட்வார் என்ற எழுபத்துநாலு வயது மனிதர். "காலையிலிருந்து சாப்பிடவில்லை, சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு படகு மாறி வந்தோம். காரை என் தங்கை ஓட்டினாள், எனக்குத்தான் கண் தெரியாதே. கதவு பூட்டியிருந்தது. ஒரு மணி நேரம் மழையில் நின்றோம். யாரிடம் கேட்பது என்று அந்தக் கதவில் எழுதியிருக்கவில்லை."

அந்தக் கடிதத்தோடு ஹால்வர் டோர்ஹில்டுக்கு ஓர் அறிக்கையும் அனுப்பியிருந்தான். காரணம் என்ற இடத்தில், "விளக்கக் குறிப்பில் தெளிவு இல்லை" என்று இருந்தது. கீழே டோர்ஹில்ட் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டியைப் பாதி தின்றபடியே எழுந்து அவன் மேஜைக்குப் போனாள்.

"இது யார் எழுதினது?"

"ஒரு நடைமுறைதாங்க. யாரையும் குத்தம் சொல்லல."

"தெளிவு இல்லையா? வா, பாக்கலாம்." அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, குறிப்பில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவைத் திறந்தாள். நான்காவது வாக்கியம் சிவப்பில் அடிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் ஹால்வரின் பெயர், தேதி. காரணம்: "சுருக்கம்."

"சத்தமா படி" என்றாள்.

"எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். பதினாலு பேரு பட்டினியா வந்து நின்னாங்க. நீ நாலு வரியை மூணாக்கினே. படி."

அவன் படிக்கவில்லை. எதிர் மேஜையிலிருந்து கருவியின் நிரல் எழுதும் இல்வாதான் வாயைத் திறந்தாள். "எனக்கும் தெரியும் டோர்ஹில்ட். படிக்க முடியலன்னா 'தெரியாது'ன்னு பதில் வர்ற மாதிரி நான் செஞ்சிருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"அப்போ இன்னிக்கு செய்" என்றாள் டோர்ஹில்ட். அவள்மேலும் கோபம்தான், ஆனால் ஒத்துக்கொண்டவளிடம் அதை நீட்ட மனம் வரவில்லை.

யார் அனுமதியும் கேட்காமல் வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டாள். அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. பிறகு ஓட்வாருக்குப் போன் செய்து, தான் யார், என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் கிழவர்.

"தெரியும்."

"தெரிஞ்சும் அவன் எடுத்தப்ப சும்மா இருந்துட்ட."

ஹால்வர் எடுத்த அன்றைக்கே அவள் நிறுவன இயக்குநரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் அவள் சுமந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே இருந்தது.

அன்று மாலைக்குள் இல்வா கருவியைத் திருத்திவிட்டாள். ஓட்வாருக்கு நவம்பரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஹால்வர் மன்னிப்புக் கேட்கவில்லை. அனுமதியில்லாமல் வெளியிட்டதற்காக டோர்ஹில்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தான். அவள் அதில் மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினாள். அவள் வெளியிட்டதற்குக் காரணமாக அவன் போட்டிருந்த "தவறான புரிதல்" என்பதை அடித்துவிட்டு மேலே "என் முடிவு" என்று எழுதி, அவன் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு பிரதியை இயக்குநருக்கும் அனுப்பினாள்.